படுவான்கரை இருளுக்கு ஏற்ற மின்சூள் எது?

எழுவான்கரை, படுவான்கரை என்று மட்டக்களப்பார் தம் நாட்டை இரண்டாக வகுத்துரைப்பர். ஞாயிறு எழுகின்ற கடற்பக்கம் எழுவான்கரை. அது சாய்கின்ற மேற்குப் பக்கம் படுவான்கரை. இவ்விரண்டுக்கும் இடையே சுமார் 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி கிடக்கின்றது. களுவாஞ்சிக்குடி எழுவான்கரையைச் சேர்ந்த ஊர். கடைத்தெருவும் மருத்துவமனையும் பாடசாலைகளும் மின்விளக்குகளும் நிறைந்த இவ்வூரின் மேற்கே பட்டிருப்புப் பாலத்தைக் கடந்துவிட்டால், போரதீவுப்பற்றின் வயல்வெளிகள் கண்ணுக்கெட்டிய தூரம் விரியும். களுவாஞ்சிக்குடியிலும் அயலூர்களிலும் வாழும் குடும்பங்கள் பலவற்றின் சோறு, பாலத்துக்கு அப்பாலுள்ள அந்த வட்டைகளிலேதான் விளைகின்றது.

பகலிலே அந்த வெளி கண்ணுக்கு விருந்து. இரவிலோ அதன் கதை வேறு. பெரும்போக வேளாண்மை கதிர் தள்ளி முற்றும் நாட்களிலே வெல்லாவெளி, தும்பங்கேணி, திக்கோடை, நவகிரிநகர் முதலிய இடங்களில் விவசாயிகள் உறக்கம் இழந்து காவல் இருக்கின்றனர். காட்டு யானைகள் வயலுக்குள் இறங்குவதும், நெல்லை நாடி வீட்டுச் சுவரை இடிப்பதும், எதிர்ப்பட்ட மனிதரைத் தாக்குவதும் அப்பகுதி மக்களுக்குப் புதியன அல்ல. இலங்கை முழுவதையும் எடுத்து நோக்கினால், 2019ஆம் ஆண்டு ஒன்றில் மாத்திரம் 120இற்கு மேற்பட்ட மனிதரும் 400இற்கு மேற்பட்ட யானைகளும் இந்தப் போராட்டத்தில் மாண்டனர். இழப்பு இருபக்கத்துக்கும் உரியது.

இத்தகைய இரவிலே வயற்காவலுக்குச் செல்லும் தந்தையின் கையிலும், கடைசிப் பேருந்தில் இறங்கி ஒழுங்கை வழியே வீடு திரும்பும் மகனின் கையிலும் இருக்கும் துணை யாது? ஒரு மின்சூள். பேச்சு வழக்கிலே ‘ரோச் லைற்’ என்கிறோம். அதனை வாங்கக் கடைக்குச் சென்றால், பெட்டிகள் மேல் அச்சிடப்பட்டிருக்கும் எண்களைக் கண்டு தலை சுற்றுகின்றது. ஒன்று இலட்சம் லூமன் என்கிறது. மற்றொன்று இரண்டு கிலோமீற்றர் என்கிறது. விலையோ சிலவேளை ஒரு மூடை உரத்தின் பெறுமதியைத் தொட்டு நிற்கின்றது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். மின்சூள் வாங்குவதற்கும் அந்த அளவு வேண்டும். அளக்கும் கணக்கோ, உயர்தர வகுப்புக்குச் செல்லாத மாணவனும் செய்யத்தக்க எளிய கணக்கே.

சூளிலிருந்து மின்சூளுக்கு

தென்னோலையைக் கட்டாகக் கட்டிக் கொளுத்தியதே நம்மவர் கையேந்திய பழைய சூள். வீசினால் கனலும், நிறுத்தினால் மங்கும், மழையில் அணையும். அதன் இடத்தைப் பின்னர் அரிக்கன் லாம்பு பிடித்தது. கையடக்கமான மின்விளக்குக்கு அமெரிக்காவிலே 1899ஆம் ஆண்டில் டேவிட் மிசெல் என்பாருக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. அக்காலத்து மின்கலங்கள் வலுக்குறைந்தவை. தொடர்ந்து எரிய இயலாமல் விட்டுவிட்டே ஒளிர்ந்தன. ஆதலினாலேயே ஆங்கிலத்தில் அதனைப் ‘பிளாஷ் லைற்’ என அழைக்கலாயினர்.

அதன் பின் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம், இழை பொருத்திய சிறு குமிழே மின்சூளின் கண்ணாக விளங்கிற்று. அந்த இழை தான் உண்ட மின்சாரத்தின் பெரும்பகுதியை வெப்பமாக்கி வீணடித்தது. இன்று அதன் இடத்தில் அமர்ந்திருப்பது ஒளிகாலும் இருவாயி, சுருக்கமாக எல்.ஈ.டி. கண்ணுக்குப் புலனாகும் செந்நிற ஒளியை உமிழும் இருவாயியை 1962இல் நிக் ஹொலொன்யாக் செய்து காட்டினார். ஆனால் நீல ஒளி கைகூடும்வரை வெள்ளொளி கிட்டவில்லை. 1990களின் முற்பகுதியிலே பிரகாசமான நீல ஒளியைக் கைவரச் செய்த ஜப்பானில் பிறந்த அறிஞர் மூவர், இசாமு அக்காசாக்கி, ஹிரோஷி அமானோ, சூஜி நக்கமூரா ஆகியோர், 2014இல் பௌதிகத்துக்கான நொபெல் பரிசைப் பகிர்ந்து கொண்டனர். நீல ஒளியின் மேல் மஞ்சள் ஒளி தரும் ஒரு பூச்சைப் பூசியதும் வெள்ளொளி பிறந்தது. ஒரு நெல்மணியளவு இடத்திலிருந்து, பழைய குமிழ் கனவிலும் காணாத வெளிச்சம் இன்று எமக்குக் கிடைப்பது இதன் பயனே.

வெளிச்சம் வேறு, தூரம் வேறு

மின்சூள் வாங்குவோர் பலர் இடறும் இடம் இது. ஒரு விளக்கிலிருந்து எல்லாத் திசைகளிலும் வெளிப்படும் ஒளியின் மொத்த அளவே லூமன். குறித்த ஒரு திசையிலே அந்த ஒளி எவ்வளவு செறிந்து செல்கின்றது என்பதைக் கூறுவது கன்டெலா. வாய்க்காலில் ஓடும் நீரின் மொத்த அளவை லூமனுக்கு ஒப்பிடலாம். குழாயின் வாயை விரலால் நெருக்கும்போது நீர் பீறிட்டுப் பாய்கின்றதே, அந்த வேகத்தைக் கன்டெலாவுக்கு ஒப்பிடலாம். தண்ணீர் அதேயளவுதான், பாயும் தூரம் வேறு.

ஓர் எடுத்துக்காட்டு. வீடுகளிலே முன்னர் எரிந்த 60 வாற்றுக் குமிழ் ஏறக்குறைய 800 லூமன் தந்தது. அவ்வொளி நாற்புறமும் பரவியதனால் எந்த ஒரு திசையிலும் 65 கன்டெலா அளவே இருந்தது. அதே 800 லூமனை ஆழமான, பளபளக்கும் ஒரு கிண்ணத்தின் உள்ளே வைத்து ஒரே திசைக்குத் திருப்பிவிட்டால், நடுக்கற்றையில் 20,000 கன்டெலாவைத் தாண்டவும் இயலும். அறையை நிரப்பிய அந்த ஒளி இப்பொழுது வயலின் மறுகரையைத் தொடும்.

எவ்வளவு தூரம் தொடும் என்பதையும் கணக்கிடலாம். மின்சூள்களுக்கென எப்.எல்.1 என்னும் அமெரிக்க நியமம் ஒன்று 2009இல் வெளிவந்தது. அதன்படி, ஒரு மின்சூளின் ஒளி 0.25 லக்ஸ் அளவுக்குக் குறையும் தூரமே அதன் எட்டும் தூரம். 0.25 லக்ஸ் என்பது தெளிந்த வானத்துப் பூரணை நிலவின் ஒளியளவு எனக் கொள்ளலாம். ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறையும் என்ற விதியை மாணவர்கள் அறிவர். அதிலிருந்து கிடைக்கும் சூத்திரம் மிக எளிது: கன்டெலா எண்ணின் வர்க்கமூலத்தைக் கண்டு, அதனை இரண்டால் பெருக்குக. வருவது மீற்றரில் தூரம்.

2,500 கன்டெலா எனில் 100 மீற்றர். 10,000 எனில் 200 மீற்றர். 22,500 எனில் 300 மீற்றர். 62,500 எனில் 500 மீற்றர். ஒரு கிலோமீற்றருக்கு 2,50,000 கன்டெலா வேண்டும். தூரத்தை இருமடங்காக்க ஒளிச்செறிவை நான்கு மடங்காக்க வேண்டும் என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. ‘முன்னையதிலும் இருமடங்கு வெளிச்சம்’ என்று விற்கப்படும் மின்சூள், ஏனைய யாவும் ஒத்திருப்பின், முன்னையதிலும் ஒன்றரை மடங்குக்குக் குறைவான தூரத்தையே தரும்.

எத்தனை மீற்றர் எமக்குத் தேவை?

தூரம் மிகுந்திருப்பது நன்றுதான். ஆயினும் அதற்கும் விலையுண்டு. ஆகவே எமது தேவையை முதலில் அறிதல் வேண்டும். இதற்கு யானையையே கேட்க வேண்டும்.

தாய்லாந்தில் 42 ஆசிய யானைகளை விரைந்து நடக்கச் செய்து அளந்த ஆய்வொன்று 2003இல் வெளிவந்தது. அவற்றுள் மிக விரைந்தது செக்கனுக்கு ஏறக்குறைய 6.8 மீற்றர், அதாவது மணித்தியாலத்துக்குச் சுமார் 25 கிலோமீற்றர் வேகத்தில் சென்றது. இவ்வேகத்தில் வரும் யானை 50 மீற்றரை ஏழு செக்கனில் கடந்துவிடும். இருளிலே, சேற்று வரம்பிலே, ஏழு செக்கனில் ஒருவன் செய்யக்கூடியது யாது? திரும்பிப் பார்ப்பதற்குள் அது முடிந்துவிடும். 150 மீற்றர் இடைவெளி இருப்பின் 22 செக்கன் கிடைக்கும். பரண் அருகே நிற்பவன் ஏணியிற் கால் வைக்கவும், துணைக்கு இருப்பவனைக் குரல் கொடுத்து எழுப்பவும் இது போதும். ஆகையால் 150 மீற்றருக்கு அப்பால் நிற்பது யானையென அடையாளம் காணத்தக்க மின்சூளே காவற்காரனுக்கு வேண்டியது.

ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. நியமத்திற் கூறப்படும் தூரம் நிலவொளியளவு ஒளி சென்று சேரும் தூரம். சேறு பூசிய யானையின் உடல் தன்மேல் விழும் ஒளியிற் சிறிதளவையே திருப்பி அனுப்பும். அந்த விளிம்பிலே அது மரமா, புதரா, யானையா என்று பிரித்தறிதல் அரிது. எனவே பெட்டியிற் கண்ட தூரத்திற் பாதியையே பயன்படும் தூரமாகக் கொள்வது அறிவுடைமை. பாதித் தூரத்தில் ஒளி நான்கு மடங்காக, 1 லக்ஸ் அளவாக இருக்கும். 150 மீற்றரில் தெளிவாகக் காண விரும்புவோன் 300 மீற்றர் எனக் குறிக்கப்பட்ட மின்சூளை, அதாவது 20,000 முதல் 30,000 கன்டெலா வரையுள்ளதைத் தேடுவானாக. இதற்கு மேற்பட்ட எண்ணுக்குக் கொடுக்கும் பணம் வயற்காவலுக்கு அவசியமானதன்று.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லுதல் கடமை. மின்சூள் யானையை விரட்டும் ஆயுதம் அன்று. வெளிச்சத்துக்குப் பழகிவிட்ட யானை அதனைப் பொருட்படுத்துவதில்லை. யானையைத் தூரத்திலேயே கண்டு, அதன் வழியிலிருந்து விலகி, அயலவருக்கு அறிவித்து, வனஜீவராசிகள் திணைக்கள அலுவலகத்துக்குச் செய்தி அனுப்புவதற்கான காலத்தை ஈட்டித் தருவதே அதன் பயன். கையிலே பெருவிளக்கு இருக்கின்றதென்ற துணிவிலே யானையை நெருங்குபவன், அதனாற் கிடைத்த 22 செக்கனையும் தானே வீசி எறிபவன் ஆவான்.

பெட்டியில் உள்ள எண்ணும் பள்ளிக் கணக்கும்

இனி, அந்த இலட்சம் லூமனைச் சோதிப்போம். இன்றைய நல்ல எல்.ஈ.டி. மின்சூள் ஒரு வாற்று மின்வலுவுக்குச் சுமார் 100 லூமன் தருகின்றது என்று கொள்க. இலட்சம் லூமனுக்கு 1,000 வாற்று வேண்டும். அது துணிக்கு அழுத்தம் போடும் மின்னழுத்தி உண்ணும் வலு. உள்ளங்கையில் அடங்கும் குழாய்க்குள் அவ்வளவு வலுவைச் செலுத்தினால், அதனைப் பிடித்திருக்க எவராலும் இயலாது.

அடுத்து மின்கலம். தூரத்து வெளிச்சத்துக்கான மின்சூள்கள் பலவற்றில் 18650 என்ற இலக்கமுடைய இலிதியம் அயன் மின்கலம் இருக்கும். 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் உடையது என்பதே அவ்விலக்கத்தின் பொருள். இதன் அழுத்தம் ஏறக்குறைய 3.6 வோல்ற்று. இவ்வளவினதான உண்மையான மின்கலம் கொள்ளக்கூடியது 3,500 மில்லியம்பியர் மணியளவே. உறையில் 9,900 என்று அச்சிட்டிருந்தால் அது அச்சகத்தின் கொடையேயன்றி மின்கலத்தின் வலு அன்று.

3,000 மில்லியம்பியர் மணியுள்ள மின்கலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்றை 3.6ஆற் பெருக்க 10.8 வாற்று மணி. 1,000 லூமன் வேண்டின் 10 வாற்று செலவாகும்; ஒரு மணித்தியாலத்துடன் தீர்ந்துவிடும். 500 லூமன் எனில் 5 வாற்று. இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். 100 லூமன் எனில் ஒரு வாற்று. பத்து மணித்தியாலத்துக்கு மேல். இலட்சம் லூமன் எனில்? முப்பத்தொன்பது செக்கன். ‘1,000 லூமன், 10 மணித்தியாலம்’ என ஒற்றை மின்கல மின்சூளின் பெட்டி கூறுமானால், அவ்விரண்டும் ஒரே வேளையில் உண்மையாதல் இயலாது. எப்.எல்.1 நியமத்திலுங்கூட, எரியும் நேரம் என்பது தொடக்க ஒளி பத்திலொரு பங்காகக் குறையும்வரை அளக்கப்படுவதே. ஆதலால் அந்நேரம் முழுவதும் முதல் வெளிச்சம் நிலைக்கும் என எண்ணுதல் தவறு.

அப்படியாயின் இரவு முழுவதும் காவல் இருப்பவன் என் செய்வான்? அவன் விளக்கைத் தொடர்ந்து எரிப்பதில்லை. ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து ஒரு நிமிடம் வட்டையைச் சுற்றிப் பார்க்கிறான் என வைத்துக்கொண்டால், மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம். பத்து மணித்தியாலத்துக்கு 100 நிமிடம். 500 லூமனில் 130 நிமிடம் வரை எரியும் ஒற்றை மின்கலமே ஓர் இரவுக்குப் போதும் என்பது தெளிவாகும். மேலதிக மின்கலம் ஒன்றைச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தாற் கவலையே இல்லை.

மின்கலமே உயிர்

மலிவான மின்சூள் சில மாதங்களிலே பயனற்றுப் போவதற்குப் பெரும்பாலும் மின்கலமே காரணம். மூவகை மின்கலங்கள் நம் சந்தையில் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு.

முதலாவது, ஈய அமில மின்கலம் உள்ளே பூட்டிய பெரிய கைவிளக்கு. விலை குறைவு, பாரம் மிகுதி. பயன்படுத்திய உடனேயே மின்னேற்ற வேண்டும். வெறுமையாகக் கிழமைக் கணக்கில் விட்டுவைத்தால் உள்ளேயுள்ள தகடுகளிலே ஈய சல்பேற்று இறுகி, பின்னர் ஏற்றினாலும் ஏறாது. அறுவடை முடிந்ததும் மூலையில் வீசி, அடுத்த பெரும்போகத்தில் எடுத்துத் தட்டிப் பார்க்கும் வீடுகளிலே இது அதிக காலம் வாழாது.

இரண்டாவது, முன்னர் கூறிய இலிதியம் அயன் மின்கலம். சிறியது, வலியது. ஆனால் ஆயுள் சில நூறு மின்னேற்றங்களே. ஆகவே மின்கலத்தைக் கழற்றி மாற்றத்தக்க மின்சூளையே வாங்குதல் நலம். ஒட்டி மூடப்பட்டதாயின், மின்கலம் இறந்ததும் முழு விளக்கையும் எறிய நேரிடும். நல்ல 18650 மின்கலத்தின் நிறை 45 முதல் 50 கிராம் வரை. நகைக்கடைத் தராசிலோ தபாற்கந்தோர்த் தராசிலோ வைத்துப் பார்த்தாற் போலியின் சாயம் பெரும்பாலும் வெளுத்துவிடும். இவ்வகை மின்கலத்தைத் திறப்புக்கோவையுடனும் சில்லறைக் காசுடனும் ஒரே பையில் இடலாகாது. இரு முனைகளும் உலோகத்தால் இணைந்தால் தீப்பற்றும். வீங்கிய மின்கலத்தை மீண்டும் ஏற்றலாகாது. படுக்கையின் அருகே இரவு முழுதும் ஏற்றவிட்டு உறங்குதலும் ஆகாது. பழுதானதை வாவியில் எறிவதோ குப்பையுடன் கொளுத்துவதோ பெருங்கேடு.

மூன்றாவது, யாவருக்கும் பழக்கமான உலர் மின்கலம். நாள்தோறும் காவலுக்கு இது கட்டுப்படியாகாது. ஆயினும் பெட்டிக்குள் பல ஆண்டுகள் வலுக் குன்றாமல் காத்திருக்கும் பண்பு அல்கலைன் வகை உலர் மின்கலங்களுக்கு உண்டு. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைச் சூறையாடிய புயலை மூத்தோர் மறக்கமாட்டார். 2022 மார்ச் மாத இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட மின்வெட்டை இளையோரும் அறிவர். மின்னேற்ற வழியில்லாத இத்தகைய நாட்களுக்கென, உலர் மின்கலத்தில் எரியும் எளிய மின்சூள் ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் இருத்தல் வேண்டும். மின்கலங்களை வெளியே எடுத்துப் பக்கத்தில் வைத்திருந்தால், அவை கசிந்து விளக்கை அரிக்கும் தொல்லையும் இல்லை.

காலடியை மறவாதீர்

தூரத்தை நோக்கும் மின்சூளுக்கு ஒரு குறை உண்டு. அதன் கற்றை எவ்வளவுக்கு ஒடுங்குகின்றதோ, அவ்வளவுக்கு அருகேயுள்ள தரை இருளிலே மறைகின்றது. நூறு மீற்றருக்கு அப்பால் நிற்கும் யானையைக் கண்டவன், வரம்பிலே சுருண்டு கிடக்கும் புடையன் பாம்பைக் காணாமல் மிதித்துவிடக்கூடும். நம் நாட்டு நெல்வயல்களிலே பாம்புக் கடியால் நேரும் துயரில் புடையனுக்குப் பெரும் பங்குண்டு. ஆகையால் தூர வெளிச்சத்துக்கு ஒன்று, காலடிக்கு ஒன்று என இரண்டு விளக்கு வேண்டும். காலடி விளக்குக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. 50 அல்லது 100 லூமன் பரந்த ஒளியாகக் கிடைத்தாற் போதும். தலையில் கட்டும் சிறு விளக்கு மிக வசதி. இரு கைகளும் ஓய்வாக இருக்கும். கைத்தொலைபேசியின் விளக்குக்கூட முற்றத்துக்கு உதவும். ஆனால் ஆபத்து நேரத்தில் பேசுவதற்கு வேண்டிய மின்சாரத்தை வெளிச்சத்துக்குச் செலவழித்துவிடுவது விவேகமன்று.

மார்கழிப் பனியிலே வேறொரு தொல்லை எதிர்ப்படும். கண் மட்டத்திற் பிடித்த மின்சூளின் ஒளி பனித்துளிகளிற் பட்டுத் திரும்பி, வெள்ளைத் திரை விரித்தாற் போலக் கண்ணை மறைக்கும். விளக்கை இடுப்பளவிற்குத் தாழ்த்திப் பிடித்தால் அத்திரை பெரிதும் விலகும். இச்சிறு பழக்கம் காசு கொடாமலே தூரத்தைக் கூட்டித் தருவது.

கடையிலே செய்யத்தக்க சோதனை

நண்பகலிலே கடையின் முன்னால் நின்று மின்சூளைச் சோதிப்பது, நிறைகுடத்திலே மேலும் நீர் ஊற்றிப் பார்ப்பது போன்றது, எதுவும் விளங்காது. பொழுது பட்ட பின் செல்க. நீண்ட ஒழுங்கையோ வெற்றுச் சுவரோ அருகில் இருந்தால் நன்று.

இரண்டு மின்சூள்களை ஐந்து மீற்றர் தொலைவிலிருந்து ஒரே சுவரில் அடுத்தடுத்துப் பாய்ச்சுக. நடுவே தெரியும் பிரகாசமான பொட்டைக் கவனிக்க. மொத்த ஒளி இரண்டிலும் ஒத்திருப்பின், எதன் பொட்டு சிறியதோ அதுவே தூரம் செல்லும். பொட்டின் அகலம் பாதியாயின் பரப்பு நாலிலொன்றாகும், செறிவு நான்கு மடங்காகும், தூரம் இருமடங்காகும். கிண்ணத்தின் வாய் அகன்றும் ஆழ்ந்தும் இருப்பதும் தூரத்துக்கு நல்ல அறிகுறி. நான்கு முதல் ஆறு சென்றிமீற்றர் அகலமுள்ள வாய் எமது தேவைக்குப் போதுமானது. ஒரே கிண்ணத்துக்குள் பல எல்.ஈ.டி. நெருங்கியிருந்தால் லூமன் கூடும். தூரம் அதற்கேற்பக் கூடாது. முன்வாயை இழுத்தும் தள்ளியும் ஒளியைக் குவிக்கும் வகை பார்வைக்கு இனியது. எனினும் குவித்த நிலையில் ஒளியிற் பெரும்பகுதி உள்ளேயே வீணாவதும், அசையும் கழுத்தின் வழியே மழைநீர் புகுவதும் அதன் குறைகள்.

நீர் காக்கும் திறனையும் கேட்டறிக. ஐ.பீ.எக்ஸ்.4 எனில் தெறிக்கும் நீரைத் தாங்கும். ஐ.பீ.எக்ஸ்.7 எனில் ஒரு மீற்றர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் பழுதாகாது. வாவியிலே தோணி விடுவோர்க்கும், வடகீழ்ப் பருவமழையிலே வெள்ளம் கடப்போர்க்கும் பின்னதே தக்கது. இறுதியாக, ஆளியைப் பத்து முறை அழுத்திப் பார்க்க. ஒளி நடுங்கினாலோ தட்டினால்தான் எரிந்தாலோ, விலை எவ்வளவு குறைந்தாலும் அதனை வைத்துவிட்டு வருக.

எதிலே சிக்கனம்?

சிக்கனம் என்பது விலை குறைந்ததை வாங்குவதன்று, வேண்டாததை விலக்குவது. மின்னி மின்னி எரியும் பல முறைகள், பக்கவாட்டில் வண்ண விளக்கு, வானொலி, இலட்சக் கணக்கான லூமன் எண் ஆகிய இவற்றுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. உண்மையான மின்கலம், உறுதியான ஆளி, நீர் புகாத மூடி, 20,000 கன்டெலாவுக்குக் குறையாத கற்றை ஆகிய நான்கிலும் கை சுருங்குதல் ஆகாது. கன்டெலா எண்ணையோ நியமத்தையோ குறிக்காத பெட்டி ஆயின், மேற்கூறிய சுவர்ச் சோதனையே உங்களுக்கு நீதிபதி.

இத்தெரிவை வீட்டிலே பிள்ளைகளிடம் ஒப்படைத்துப் பாருங்கள் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கின்றேன். வகுப்பிலே நேர்மாறு வர்க்க விதியை மனனம் செய்து பரீட்சையில் எழுதிவிட்டு மறக்கும் மாணவன், தன் தந்தை எத்தனை மீற்றருக்கு அப்பால் யானையைக் காண்பார் என்பதை அதே விதியால் கணக்கிட்டுச் சொல்லும்போது, அவ்விதி அவனுக்கு உயிருள்ளதாகின்றது. மட்டக்களப்பு நாட்டிலே வயற்காவலுக்குச் செல்பவர் பலர் பாடசாலையை இடையில் விட்டவர். பெட்டியிலுள்ள எண்ணை நம்புவதைவிட அவர்க்கு வேறு வழியில்லை. அந்த எண்ணை வாசித்து, பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, ‘அப்பா, இது வேண்டாம், அதை எடுங்கள்’ என்று சொல்லத்தக்க பிள்ளை ஒன்று உடன் சென்றால், அக்குடும்பத்தின் காசு வீணாகாது. காவலுக்குச் சென்றவரும், விடிந்ததும் சேறு படிந்த கால்களுடன் பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து வீடு வந்து சேர்வார்.